பழைய வீட்டின் அடுக்களையைப் பிரித்தல்

(ஐக்கிய நாணய சங்க அங்கத்தினர் கூட்டத்தில் செய்யப்பட்ட பிரசங்கம்)



வீட்டைப் புதுப்பிக்கச் சங்கத்தில் கடன் கேட்போரில் பலர், கட்டுவதற்காகும் செலவை மட்டுமே மனுவில் எழுதுகின்றனர். பிரிப்பதற்காகும் செலவையும், பிரிக்கையில் நேரக்கூடிய நஷ்டத்தையும் எழுதுவதில்லை.

ஓர் அங்கத்தினர் தம் பாட்டனார் கட்டிய வீட்டின் அடுக்களையை மாற்ற விரும்பினார். புகையினால் அவருடைய தாயாருக்கு எந்நேரமும் கண்ணில் நீர் வடிந்துகொண்டிருந்தது. மேற்குச் சுவரை இடித்துச் சாளரம் வைப்பது யோசனை. கடன் கைக்கு வந்த மறுநாளே இரண்டு ஆட்களை விட்டுச் சுவரைக் கடப்பாரையால் இடிக்கச் செய்தார். உத்திரத்தின் ஒரு முனை அச்சுவரின்மேல் அமர்ந்திருந்ததை ஒருவரும் நோக்கவில்லை. செல்லரித்திருந்த அம்முனை நழுவி, கூரையில் பாதி சரிந்தது. தெய்வாதீனமாக உயிர்ச்சேதமில்லை. ஆயினும் அடுக்களைக்கு வாங்கிய கடன் கூரைக்கே போதவில்லை. அம்மழைக்காலம் முழுவதும் தாயார் கொல்லையில் ஒரு கீற்றுச் சார்ப்பின்கீழ், முன்னிலும் அதிகமான புகையில் சமைத்தார்.

வீடு கட்டுவது அடியிலிருந்து, பிரிப்பது முகட்டிலிருந்து. அறுவடை முடிந்து, மழைக்கு முன்னுள்ள மாதங்களே இதற்கு ஏற்றவை. முதலில் கூரைக்கு எட்டாத தூரத்தில் தற்காலிக அடுப்பு அமைத்து, பாத்திரம், உறி, பரண்மேலுள்ள விதை யாவற்றையும் அப்புறப்படுத்த வேண்டும். உத்திரத்திற்கு இருபுறமும் முட்டுக் கொடுத்த பின்னரே ஓட்டில் கை வைக்கலாம். ஓட்டைத் தட்டிப் பார்த்தால் கணீரென்பது நல்லது. மழுங்கிய ஓசையுடையது கீறல் விட்டது.

பனங்கைகளிலும் மூங்கில்களிலும் படிந்த கரி மூன்று தலைமுறைச் சொத்து! உலர்ந்தபடியே தட்டினால் நெஞ்சில் இறங்கும். நீர் தெளித்து, மூக்கையும் வாயையும் ஈரத்துணியால் கட்டிக்கொண்டு துடைத்தல் வேண்டும். கறுத்துவிட்டதென்று எந்த மரத்தையும் விறகுக்குத் தள்ளலாகாது. புகையுண்ட மரத்தைப் பூச்சி எளிதில் தீண்டுவதில்லை. சுவருக்குள் புதைந்து, புகை படாதிருந்த முனையே பெரும்பாலும் கெட்டிருக்கும். ஆணியால் குத்திப் பார்த்தால் தெரியும்.

உவர் பூத்த சுவர்மண்ணைப் புதுச்சுவருக்குச் சேர்த்தால் அதுவும் பொரிந்து உதிரும். அம்மண்ணில் வெடியுப்பு இருப்பதுண்டாகையால் வயலுக்கு உரமாகும். வீதியில் கொட்டுவது இரட்டை நஷ்டம். அடுப்புச் சாம்பலைத் தென்னையின் அடியில் இடலாம்.

மனுவைப் பரிசீலிக்கும் பஞ்சாயத்தார், எந்தச் சுவர் உத்திரத்தைத் தாங்குகிறதென்று நேரில் பார்த்து, பிரிப்பு வேலை முடிந்த பின்னரே பெருந்தொகையைக் கொடுப்பது நலம்.

மேற்படி அங்கத்தினர் மறுவருஷம் பங்குனியில் மீண்டும் வேலை தொடங்கியபோது, சாளரம் எங்கே வேண்டுமென்று தாயாரைக் கேட்டார். அவர் கிழக்குச் சுவரைக் காட்டினார். மேற்கில் திறந்தால் ஆடி மாதத்து மேல்காற்று புகையை வீட்டுக்குள்ளேயே திருப்பிவிடும் என்பதை நாற்பது வருஷமாய் அவர் அறிந்திருந்தார். முதல்முறை அவரை எவரும் கேட்கவில்லை.