நோய்க்கால உதவியும் ஏழையின் கண்ணியமும்

 

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே உரியது. அவனுடைய ஸலாத்தும் ஸலாமும் நபி முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தினர், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

நோய் பரவி ஊர் முடங்கிக் கிடக்கும் வேளையில், அன்றாடம் உழைத்து உண்ணும் நகரத்து ஏழைக்குப் பணமாக உதவுவது பற்றியும், அந்தப் பணம் அவனை எவ்வாறு சென்றடைய வேண்டும் என்பது பற்றியும் சில கருத்துகளை இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

2020 மார்ச் 20 ஆம் திகதி நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. கொழும்பு மாவட்டம் இரண்டு மாதங்களுக்கும் மேலாக அடைபட்டுக் கிடந்தது. மாதச் சம்பளம் பெறுவோர் வீட்டிலிருந்தவாறே நாட்களைக் கழித்தனர். ஆனால் புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் நாட்டாமையும், முச்சக்கர வண்டி ஓட்டுநரும், நடைபாதை வியாபாரியும், பிறர் வீடுகளில் சமைத்துக் கொடுக்கும் தாயும் என்ன செய்வார்கள்? கிராமத்தவனுக்கு முற்றத்திலே ஒரு பலா மரமாவது இருக்கும். மாளிகாவத்தையிலும் வாழைத்தோட்டத்திலும் கிராண்ட்பாஸிலும் ஓர் அறையில் வாழும் குடும்பத்துக்கு நிலமுமில்லை, மரமுமில்லை. அன்றைய உழைப்பே அன்றைய உணவு.

அக்காலத்தில் அரசாங்கம் ஏப்ரலிலும் மே மாதத்திலும் குடும்பமொன்றுக்கு 5,000 ரூபா வீதம் வழங்கியது. சமுர்த்தி பெறுவோர், முதியோர், மாற்றுத்திறனாளிகள், சிறுநீரக நோயாளர், தொழிலிழந்தோர் எனப் பல தரப்பினரும் அதில் அடங்கினர். சமுர்த்தி உத்தியோகத்தரும் கிராம உத்தியோகத்தரும் பெயர்ப் பட்டியலுடன் அலைந்து திரிந்து அதனைப் பங்கிட்டனர். ஒரு பெரிய குடும்பத்துக்கு அது சில நாட்களுக்கே போதுமாயிருந்தது என்பதும் உண்மை. அந்தச் சில நாட்களைப் பசியின்றிக் கடத்தியது என்பதும் உண்மை.

அதே மே மாதம் 21 ஆம் திகதி, ரமழானின் இறுதிப் பத்து நாட்களில், மாளிகாவத்தையிலே நெஞ்சை உலுக்கும் அனர்த்தம் ஒன்று நிகழ்ந்தது. தனிப்பட்ட ஒருவர் பகிர்ந்தளித்த பணத்தைப் பெறுவதற்காகத் திரண்ட சனநெரிசலில் சிக்கி மூன்று பெண்கள் உயிரிழந்தனர். மேலும் பலர் காயமுற்றனர். கொடுத்தவரின் எண்ணத்தை எடைபோடுவது நமது வேலையன்று. அதனை அல்லாஹ் அறிவான். எனினும் நாம் சிந்திக்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. அப்பெண்கள் கேட்டுப் பெற வந்தது எதனை? செல்வந்தரின் பொருளில் ஏழைக்கென அல்லாஹ் விதித்த உரிமையை அல்லவா? தனக்குரியதைப் பெறுவதற்கு ஒருத்தி முண்டியடித்து உயிர் விடவேண்டிய நிலை ஏன் வந்தது? கொடுக்கும் மனம் நம்மிடம் இருந்தது. கொடுக்கும் ஒழுங்கு நம்மிடம் இருக்கவில்லை. இதுவே அந்தச் சம்பவம் நம் சமூகத்துக்குக் கற்பித்த கசப்பான பாடம்.

அன்பர்களே! கொடுக்கும் ஒழுங்கு நம் மார்க்கத்துக்குப் புதியதன்று. கலீபா உமர் (ரழி) அவர்கள் மக்களின் பெயர்களைப் பதிவேட்டில் எழுதி, பொது நிதியிலிருந்து கொடுப்பனவு வழங்கினார்கள். பால்குடி மறந்த பிள்ளைகளுக்கு மாத்திரமே கொடுப்பனவு என்பது தொடக்கத்தில் இருந்த விதி. ஓர் இரவு, மதீனாவுக்கு வந்து தங்கிய வணிகக் கூட்டத்தினருக்குக் காவல் இருந்தபோது, குழந்தையொன்று விடாமல் அழுவதை அவர்கள் கேட்டார்கள். காரணம் விசாரித்தபோது, கொடுப்பனவு கிடைக்க வேண்டும் என்பதற்காகத் தாய் காலத்துக்கு முன்னரே பால் மறக்கச் செய்கிறாள் எனத் தெரியவந்தது. தாம் வகுத்த விதியே ஒரு சிசுவை அழவைத்துவிட்டதே என்று வருந்திய கலீபா, பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் கொடுப்பனவு உண்டென அறிவித்தார்கள். வரலாற்று நூல்களிலே பதிவாகியுள்ள செய்தி இது.

உதவித் திட்டம் ஒன்றை வகுப்போர் அதனைப் பெறுபவளின் இடத்திலிருந்து நோக்க வேண்டும் என்பதே இதிலுள்ள படிப்பினை. பெயர் ஊரில் பதியப்பட்டிருக்க, கொழும்பிலே வாடகை அறையில் கிடக்கும் கூலித் தொழிலாளியை எந்தப் பட்டியல் சேர்த்துக்கொள்ளும்? ஒரே கூரையின் கீழ் மூன்று குடும்பங்கள் வாழ்ந்தால் எத்தனை பங்கு? இத்தகைய வினாக்களுக்கு நோய் வருவதற்கு முன்னரே விடை காண வேண்டும்.

பணத்தைக் கொடுத்தால் வீணாக்கிவிடுவார்கள், உலர் உணவுப் பொதியே சிறந்தது என்று சிலர் வாதிடுவர். கடைகள் பூட்டிக் கிடந்த நாட்களில் பொதி பெரும் உதவியாயிற்று என்பதில் ஐயமில்லை. ஆயினும் அரிசியும் பருப்பும் சீனியும் கொண்ட பொதியால் வீட்டு வாடகை கட்ட முடியுமா? தாயின் பிரஷர் மாத்திரை வாங்க முடியுமா? பொதியிலே பால்மா இல்லையென்றால் குழந்தை என்ன செய்யும்? தன் வீட்டின் தேவையை அறிந்தவள் அந்த வீட்டுத் தாயே. உலக வங்கியின் ஆய்வாளர்கள் 2014 இல் பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியபோது, பண உதவி பெற்ற ஏழைகள் மதுவுக்கும் புகையிலைக்கும் அதிகம் செலவிட்டார்கள் என்ற அச்சத்துக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஸகாத் பொருள் ஏழையின் உடைமையாக ஆக்கப்பட வேண்டும் என்று பெரும்பாலான சட்ட அறிஞர்கள் கூறுவதும் இங்கு கருதத்தக்கது. உடைமையாக்கிய பின்னர் அது அவனது பணம், நமது பணமன்று.

ஆகவே, இளைஞர்களே! ஒவ்வொரு மஹல்லாவிலும் தேவையுடைய குடும்பங்களின் விபரங்களை, பள்ளிவாசல் நிர்வாகத்தின் பொறுப்பில், இரகசியம் பேணி இப்போதே திரட்டுங்கள். வாய் திறந்து கேட்காத காரணத்தால் வசதியுள்ளோர் எனக் கருதப்படுவோரை அல்குர்ஆன் சூரா அல்பகராவில் சுட்டிக்காட்டுகிறது. அத்தகையோரைத் தேடிச் செல்லுங்கள். ஏழையை வரிசையில் நிற்க வைக்காதீர்கள். பணத்தை உறையிலிட்டு வாசலுக்கே கொண்டு செல்லுங்கள். படம் பிடிக்காதீர்கள். வங்கிக் கணக்கு உள்ளவருக்கு அதிலேயே வைப்பிலிடுங்கள். 2023 ஆம் ஆண்டிலே சமுர்த்திக் கொடுப்பனவின் இடத்துக்கு அஸ்வெசும வந்தபோது, அப்பணம் வங்கிக் கணக்கினூடாகவே வழங்கப்பட்டது. படிவம் நிரப்பத் தெரியாத ஒரு முதியவருக்குக் கணக்குத் திறந்து கொடுப்பதும், விடுபட்ட பெயருக்கு மேன்முறையீடு எழுதிக் கொடுப்பதும் உங்கள் கல்வியின் ஸதகாவாகும்.

வசதி படைத்தோரே! ஆண்டு பூர்த்தியாகும் முன்னரே ஸகாத்தை முற்படுத்திக் கொடுக்க அப்பாஸ் (ரழி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் அனுமதியளித்ததாக ஹதீஸ் நூல்களில் வந்துள்ளது. ஆதலால் பசி இன்றிருக்க, ரமழான் வரட்டும் எனக் காத்திருக்க வேண்டியதில்லை. ஸகாத்துக்கெனத் தனி விதிகள் உண்டு. ஆனால் ஸதகாவின் வாசல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. நமது தோட்டங்களிலும் தொடர்மாடிகளிலும் அடுத்த கதவுக்குள் வாழும் சிங்கள, தமிழ்ச் சகோதரனின் பசியும் பசிதான்.

பெற்றோர்களே! தருமம் கொடுக்கச் செல்லும்போது பிள்ளையையும் அழைத்துச் செல்லுங்கள். வீட்டு வாசலில் ஸலாம் சொல்லவும், நலம் விசாரிக்கவும், உறையைக் கையில் கொடுத்துவிட்டு அமைதியாகத் திரும்பவும், அதனை எவரிடமும் சொல்லாதிருக்கவும் அப்பிள்ளை பழகட்டும். சொல்லிக்காட்டியும் மனம் நோகச் செய்தும் தருமத்தின் பலனை அழித்துக்கொள்ள வேண்டாம் என்பது இறைவனின் எச்சரிக்கை. பிள்ளை அதனை உங்கள் நடத்தையிலிருந்தே கற்றுக்கொள்ளும்.

மற்றொரு நோய்க்காலம் வராதிருக்கப் பிரார்த்திப்போம். வந்தாலோ, நம் ஊரில் எந்தத் தாயும் தன் உரிமையைப் பெறச் சனநெரிசலுக்குள் நுழையாதிருக்கும் வண்ணம் நம்மை ஆயத்தப்படுத்திக் கொள்வோம். அன்று உயிர் நீத்த அச்சகோதரிகளுக்கு அல்லாஹ் மேலான சுவனத்தை அருள்வானாக! நமது செல்வத்தைத் தூய்மைப்படுத்தி, அதனை உரியவரிடம் உரிய முறையில் சேர்க்கும் நற்பாக்கியத்தை நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாதுஹு.