பார்த்தவர் சொல்

(இரவுப் பள்ளியில் நடந்த சட்டப் பயிற்சியில் மாணவர்கள், இயக்க இளைஞர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்)



வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பற்றி நிறையப் பேசுகிறோம். பேச வேண்டியதுதான். ஆனால் சேரிக்காரனைக் கோர்ட் வாசலுக்கு இழுத்துவரும் இன்னொரு வழக்கு இருக்கிறது. ரோட்டு விபத்து. சின்ன வழக்கு என்று நாமே தள்ளிவிடுகிறோம். அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச்சு.

இப்படி வைத்துக்கொள்ளுங்கள். காலனிப் பையன் மொபெட்டில் வருகிறான். குறுக்கு ரோட்டிலிருந்து ஊர்ப் பெரிய வீட்டுக் கார் வந்து மோதுகிறது. பையனுக்குக் கால் முறிவு. கார்க்காரருக்குச் சிராய்ப்பு. பையன் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போதே கார்க்காரர் ஸ்டேஷனில் புகார் கொடுத்துவிடுகிறார். எஃப்.ஐ.ஆரில் குற்றவாளி பையன். நியாய சங்கிதா 281, 125(ஏ). பழைய கணக்கில் 279, 337. அப்புறம் ஆளாளுக்குப் புத்தி சொல்ல வருவார்கள்: "ஒத்துக்கிட்டு ஃபைனைக் கட்டிட்டு வாடா, அத்தோட போச்சு."

போகாது. ஒத்துக்கொண்டால் தண்டனை பெற்றவன் ஆகிறான். நாளைக்கு முறிந்த காலுக்கு நஷ்டஈடு கேட்டுத் தீர்ப்பாயம் போனால், இன்சூரன்ஸ் வக்கீல் முதலில் எடுத்து நீட்டுவது அந்தக் காகிதத்தைத்தான்.

ஆகவே மாஜிஸ்திரேட் கேட்கும்போது "குற்றம் செய்யவில்லை" என்று சொல்ல வேண்டும். சொன்ன பிறகு நிரூபிப்பது போலீஸ் பாடு. நம் தரப்புப் புகாரையும் எழுதிக் கொடுங்கள். ஸ்டேஷனில் வாங்க மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பச் சட்டம் வழி வைத்திருக்கிறது.

இனி சாட்சிகளுக்கு வருவோம். போலீஸ் விசாரித்து எழுதுவது 180-ஆம் பிரிவு வாக்குமூலம். 2024 ஜூலை 1-க்கு முன் அது 161. குற்றப்பத்திரிகையோடு அதன் நகலைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு இலவசமாகத் தரவேண்டும். வாங்கி வரி வரியாகப் படியுங்கள். நான் வங்கிக் கவுன்ட்டரில் உட்காருகிறவன்; கையெழுத்தில்லாத காகிதம் அங்கே செல்லாது. இங்கே தலைகீழ். இந்த வாக்குமூலத்தில் சாட்சி கையெழுத்துப் போடக்கூடாது என்பதே சட்டம். வெற்றுத்தாளை நீட்டி "போடுய்யா" என்றால் போட வேண்டியதில்லை.

இந்த வாக்குமூலத்தை வைத்து மட்டும் யாரையும் தண்டிக்க முடியாது. சாட்சி கூண்டில் ஏறி மாற்றிச் சொன்னால் மடக்குவதற்குத்தான் அது. விபத்து வழக்குகளில் அடிக்கடி வரும் ஒரு வரி: "சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தேன்." அப்படியென்றால் மோதிய பிறகுதான் பார்த்தார். அவரே கோர்ட்டில் "பையன் ராங் சைடில் வந்து மோதினான்" என்றால், குறுக்கு விசாரணையில் அந்தப் பழைய வரியைக் காட்டிக் கேட்க வேண்டும். முக்கியமான சங்கதியைப் போலீசிடம் சொல்லாமல் விட்டிருந்தால், அதுவும் முரண்பாடாகலாம். "அதிவேகமாக வந்தான்" என்று மட்டும் சொன்னால் போதாது. அதிவேகம் என்ற சொல் தனியாக அஜாக்கிரதையை நிரூபிக்காது என்று 1998-இல் கர்நாடக வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

அடுத்தது நம் சாட்சி. போலீஸ் பட்டியலில் அவர் பெயர் இருக்காது. களை எடுத்துக்கொண்டிருந்த அக்கா, டீக்கடையில் நின்ற பெரியவர், பஸ்ஸுக்குக் காத்திருந்த மாணவி. அன்றைக்கே போய்ப் பாருங்கள். எங்கே நின்றார், எத்தனை அடி தூரம், வெளிச்சம் எப்படி, கார் எந்தப் பக்கம் வந்தது என்று தனித்தனியாகக் கேட்டுத் தேதி போட்டுக் குறித்து வையுங்கள். அந்தக் குறிப்பு சாட்சியம் ஆகாது. நேரில் வந்து சொல்வதுதான் சாட்சியம். அவருக்குச் சம்மன் அனுப்பச் சொல்லி நாம் மனுப் போடலாம். பத்துப் பேர் வேண்டியதில்லை, எண்ணிக்கையைச் சட்டம் கேட்கவில்லை. பார்க்காத ஆளைக் கூட்டிப்போகாதீர்கள். ஒரு பொய்ச்சாட்சி போதும், நிஜமாகப் பார்த்தவர் சொல்லையும் சந்தேகத்தில் தள்ளிவிட.

நம் ஆள் சொன்னால் எடுபடுமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். 1968 டிசம்பர் 25-இல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். மிராசுதார்களை விடுவித்த உயர் நீதிமன்றம், இவர்கள் பணக்காரர்கள், ஒருவர் கார்கூட வைத்திருக்கிறார், இவர்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்களா என்று ஐயப்பட்டது. கார் வைத்திருப்பதே சாட்சியாகிப்போன நாடு இது. அதனால்தான் சொல்கிறேன், நம் சாட்சி "அவன் மேல தப்பு இல்லீங்க" என்று நிறுத்திவிடக் கூடாது. இடம், தூரம், திசை, வெளிச்சம் என்று சொல்ல வேண்டும். ஆளைப் பார்த்துத் தள்ளலாம், அளவைத் தள்ளுவது கஷ்டம்.

அந்த அக்கா வேலை செய்வது கார்க்காரர் நிலமாகவும் இருக்கலாம். வாய்தாவுக்கு வாய்தா கூலியும் போகும். அவரைத் தனியாக அனுப்பாதீர்கள். கூடவே போங்கள், கோர்ட் வராந்தாவில் கூடவே நில்லுங்கள்.

வக்கீலுக்குப் பணம் எங்கே? 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, எஸ்.சி., எஸ்.டி. மக்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் தருகிறது. தாலுகா கோர்ட்டிலேயே சட்டப் பணிகள் குழு இருக்கிறது. சாதிச் சான்றிதழோடு போய் மனுக் கொடுங்கள். பிச்சையில்லை, பாத்தியதை.

இந்த வாரத்துக்கு ஒரு வேலை: ஒவ்வொரு காலனியிலும் படித்த இரண்டு பேர் ஒரு நோட்டு வாங்கி வையுங்கள். அடுத்த விபத்து நடந்த அன்றே அதில் முதல் பக்கம் எழுதப்பட வேண்டும்.