முறுக்குவிசை மாற்றியைத் தெரிந்தெடுத்தல்

காலால் மிதிக்கும் கிளச் இல்லாத மோட்டார் வண்டியிலே, எஞ்சினுக்கும் சக்கரங்களுக்கும் இடையே நின்று விசையைக் கடத்துவது எண்ணெய். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கையில் வண்டி சிவப்பு விளக்கின் முன் அசையாது நிற்பதும், பச்சை விளக்குக் கண்டதும் குலுங்காமற் புறப்படுவதும் அவ்வெண்ணெயின் செயலே. அதனை உள்ளடக்கிய உருண்டைக் கலமே டோர்க் கொன்வேட்டர் எனப்படும் முறுக்குவிசை மாற்றி.

இதற்கு 1905ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றவர் ஹெர்மன் ஃபொட்டிங்கர் என்னும் ஜெர்மானியப் பொறியியலாளர். அன்று அவர் சிந்தையில் இருந்தது கப்பல். விரைந்து சுழலும் நீராவிச் சுழலியை, மெல்லச் சுழலவேண்டிய கப்பல் உந்தியோடு இணைக்க அவர் வழி தேடினார். அமெரிக்காவின் பியூயிக் வண்டிகளில் டைனாஃப்ளோ என்ற பெயருடன் 1948இல் அது தெருவுக்கு வந்தது.

கலத்தினுள்ளே இதழ்கள் பதித்த இரு சக்கரங்கள் எதிரெதிராக உள்ளன. எஞ்சினோடு சேர்ந்து சுழலும் ஒன்று எண்ணெயை வீசுகின்றது. மற்றது அவ்வீச்சை வாங்கிச் சுழல்கின்றது. இரண்டுக்கும் நடுவே ஒரு சிறு சக்கரம் உண்டு. திரும்பிவரும் எண்ணெயை அது எஞ்சின் சுழலும் திசைக்கே திருப்பிவிடுகின்றது. இதனாலேதான் புறப்படும் வேளையில் முறுக்குவிசை ஏறத்தாழ இரு மடங்காகப் பெருகுகின்றது. வண்டி வேகங்கொண்டபின் பெருக்கம் நின்று, வெறும் இணைப்பு மட்டும் எஞ்சும்.

அமெரிக்க நகரொன்றில் 1970ஆம் ஆண்டுச் செவ்ரொலே வண்டி ஒன்றை வைத்திருக்கும் இளைஞன் ஒருவனைக் கருதுக. வார நாட்களில் அதுவே அவனை வேலைக்குக் கொண்டுசெல்வது; சனிக்கிழமைகளில் கால் மைல் ஓட்டத் திடலுக்கும் அதுவே செல்வது. வால்வுகளை நெடுநேரம் திறந்துவைக்கும் புதிய காம் தண்டு ஒன்றை அவன் எஞ்சினிற் பூட்டுகின்றான். மேல் வேகத்திற் பலம் கூடுகின்றது. ஆனால் 2,000 சுற்றுக்குக் கீழே எஞ்சின் சோர்ந்துபோகின்றது. விளக்கின் முன் கியரில் நிற்கும்போது நடுங்குகின்றது. சில வேளை அணைந்தும் போகின்றது. தொழிற்சாலை பூட்டிய மாற்றி, எஞ்சினை அதன் பலம் பிறக்கும் சுழற்சிக்கு எழவிடாமற் பிடித்துவைப்பதே காரணம்.

வண்டி அசையாமல் நிற்க, எஞ்சின் முழு மூச்சில் எட்டக்கூடிய சுழற்சியை ஸ்டோல் வேகம் என்பர். சாதாரண வண்டிகளில் இது நிமிடத்துக்கு 1,600 முதல் 2,000 சுற்று வரை இருக்கும். கலத்தின் விட்டத்தைக் குறைத்தால் அது உயரும். மற்றவை மாறாதிருப்பின், பன்னிரண்டு அங்குலக் கலத்தில் 1,600 சுற்றாக இருப்பது பத்து அங்குலக் கலத்தில் 2,500 அளவுக்கு ஏறும்.

கடைக்காரர் பெட்டியின் மேல் எழுதிய எண்ணை அப்படியே நம்பி வாங்குவோரே பெரிதும் ஏமாறுவோர். ஸ்டோல் வேகம் கலத்துக்கு மட்டும் உரிய குணமன்று. அதனைச் சுழற்றும் எஞ்சினின் முறுக்குவிசையையும் பொறுத்தது. அவ்விசையின் வர்க்கமூலத்தின் வீதத்தில் அது ஏறும். 300 இறாத்தல்-அடி தரும் எஞ்சினோடு 2,000 சுற்று காட்டும் அதே கலம், 400 தரும் எஞ்சினோடு 2,300 காட்டும். ஆகவே காம் தண்டின் அளவு, வண்டியின் நிறை, பின் அச்சின் பல் விகிதம், ரயரின் உயரம் ஆகிய யாவற்றையும் கேட்டறியாமல் மாற்றியை விற்க முன்வருபவரிடம் வாங்காதிருத்தல் நன்று.

பல் விகிதத்தை ஏன் கேட்கவேண்டும்? அவ்விளைஞனின் வண்டிக்கு 3.08 விகிதமும் 26 அங்குல ரயரும் இருப்பின், நேர் கியரில் மணிக்கு 60 மைல் ஓடுகையில் எஞ்சின் ஏறத்தாழ 2,400 சுற்றிலேயே நிற்கும். ஓட்டத் திடல் நண்பர்களின் சொற்கேட்டு 3,500 சுற்று மாற்றியை அவன் பூட்டுவானாயின், வேலைக்குச் செல்லும் வழியெல்லாம் எண்ணெய் வழுக்கிக்கொண்டே இருக்கும். மெல்ல ஓட்டும்போது சுமை குறைவாதலால் வழுக்கல் முழுமையாக இராது. எனினும் பெற்றோலும் வீணாகும், வெப்பமும் பெருகும். 3.73 விகிதமாயின் அதே வேகத்தில் 2,900 சுற்று. அப்போது சற்று உயர்ந்த மாற்றியும் பொருந்தும். அவனுடைய இலேசான காம் தண்டுக்கு 2,200க்கும் 2,500க்கும் இடைப்பட்டதே போதும். எஞ்சினையும் சுழலியையும் ஓட்டத்தின்போது நேராகப் பூட்டிவிடும் கிளச் கொண்ட மாற்றிகளும் உண்டு. 1982இல் வந்த 700ஆர்4 கியர்ப்பெட்டியில் அவ்வசதி இருந்தது. அத்தகைய பெட்டியுடையோர் இவ்விடயத்திற் சற்றுத் தாராளமாக இருக்கலாம்.

வெப்பத்தைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். பிறேக்கை அழுத்தி வண்டியை நிறுத்திக்கொண்டு எஞ்சினை முழு மூச்சில் ஓட்டும்போது, அதன் வலு முழுவதும் எண்ணெயைச் சூடாக்கவே செலவாகின்றது. 400 நியூற்றன் மீற்றர் விசை 2,000 சுற்றில் 84 கிலோவாற்; அதாவது இரண்டு கிலோவாற் மின் கேத்தல்கள் நாற்பதுக்கு மேல் ஒருங்கே கொதிப்பதற்கு ஒப்பு. கலத்திலுள்ள ஐந்து லீற்றர் எண்ணெய் செக்கனுக்குப் பத்துப் பாகை வீதம் சூடேறும். இரண்டு மூன்று செக்கனுக்கு மேல் இச்சோதனையைச் செய்பவன் தன் கியர்ப்பெட்டியின் முத்திரை வளையங்களையும் கிளச் தட்டுகளையும் தானே எரிக்கின்றான். உயர்ந்த ஸ்டோல் மாற்றி வாங்குபவர் தனியான எண்ணெய்க் குளிராக்கி ஒன்றையும் உடன் வாங்குதல் வேண்டும். பணம் ஒன்றுக்கே போதுமாயின், குறைந்த ஸ்டோல் உடையதை வாங்கி, மிச்சத்தில் குளிராக்கியைப் பூட்டுவதே புத்தி. இதழ்கள் வெறுமனே மடித்துச் சொருகப்பட்டவையா, பித்தளை உருக்கி ஒட்டப்பட்டவையா என்பதையும் விசாரிக்கவேண்டும்; கடும் உழைப்பில் முன்னவை தளர்ந்துவிடும்.

பூட்டும் நாளில் அவசரம் கூடாது. கலத்தின் கழுத்து கியர்ப்பெட்டியின் எண்ணெய்ப் பம்பினுள் முற்றாக இறங்கவேண்டும். மெல்லச் சுழற்றித் தள்ளும்போது படிப்படியாக அது இறங்குவதைக் கை உணரும். பின்னர் எஞ்சினோடு கியர்ப்பெட்டியைச் சேர்த்தபின், கலத்துக்கும் எஞ்சின் தட்டுக்கும் இடையே எட்டில் ஒரு அங்குலம் முதல் பதினாறில் மூன்று அங்குலம் வரை இடைவெளி இருக்கவேண்டும். இடைவெளியே இல்லாவிடின் கலம் சரியாக இறங்கவில்லை என்று பொருள். அந்நிலையில் ஆணிகளை இறுக்கி எஞ்சினைத் தொடக்கினால், முதற் சில சுற்றுகளிலேயே பம்பு உடையும். வண்டியை மறுபடியும் பலகை மேல் ஏற்றிக் கியர்ப்பெட்டியைக் கழற்றவேண்டியதுதான். திங்கட்கிழமை வேலைக்கு அவ்விளைஞன் பேருந்திலே செல்வான்.