முறிகண்டிக் கச்சானும் எங்கள் காணொளிகளும்

(சங்கத்தின் நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில், உருத்திரபுரத்தில் வாழும் பழைய மாணவிகள் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



இணையத்தில் காணொளி போடும் பெண்கள் தங்கள் பெயரில் பொருள் செய்து விற்பது எப்படி என்று பேசும்படி செயற்குழுவினர் எங்களைக் கேட்டுக்கொண்டார்கள். நாங்கள் பெரிய வியாபாரிகள் அல்ல. உருத்திரபுரத்தில் வயலும் வாய்க்காலும் அடுப்படியுமாக வாழ்கிற சிலர் சேர்ந்து ஒரு கைத்தொலைபேசியில் சமையல் காணொளி எடுக்கிறோம். அந்த அளவில் நாங்கள் அறிந்ததையும் உலகில் மற்றவர்கள் செய்து பார்த்ததையும் உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

ஏ-9 வீதியால் போகிற எந்த வாகனமும் முறிகண்டியில் நிற்கும். பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்திவிட்டுத் திரும்பும்போது கையில் ஒரு பை கச்சான் இருக்கும். கச்சான் எங்கும் கிடைக்கிற சாமான்தான். ஆனாலும் முறிகண்டிக் கச்சான் என்று சொல்லித்தான் வாங்கிப்போய்ப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறோம். ஓர் இடத்தில் நின்றோம், கும்பிட்டோம் என்ற நினைவும் அந்தப் பையோடு வீட்டுக்கு வருகிறது. காணொளி போடுகிறவர் விற்கிற பொருளும் இப்படித்தான். பார்ப்பவர் முதலில் உங்களிடம் வந்து நிற்க வேண்டும். வாங்குவது அதற்குப் பிறகு நடப்பது.

அப்படியென்றால் விளம்பரப் பணம் போதாதா என்று கேட்பீர்கள். யூரியூப்பில் விளம்பர வருமானத்துக்குத் தகுதி பெற 1,000 சந்தாதாரரும், 12 மாதங்களில் 4,000 மணித்தியாலப் பார்வையும் வேண்டும். அல்லது குறுங்காணொளிகளுக்கு 90 நாட்களில் ஒரு கோடி பார்வை வேண்டும். அதன் பின்பும் கணக்கில் 100 டொலர் சேர்ந்தால்தான் பணம் கைக்கு வரும். சிறிய அலைவரிசைக்கு இது நீண்ட காத்திருப்பு. பொருள் விற்பதற்கோ அத்தனை பேர் தேவையில்லை. உங்களை உண்மையாக விரும்பிப் பார்க்கும் நூறு பேரில் பத்துப் பேர் வாங்கினாலே ஒரு தொடக்கம் உண்டாகிவிடும்.

தமிழ்நாட்டில், புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்தில் ஒரு தாத்தாவும் பேரன்மாரும் 2018இல் தொடங்கிய 'வில்லேஜ் குக்கிங் சனல்' 2021இல் ஒரு கோடி சந்தாதாரரைத் தொட்டது. அந்த இலக்கை எட்டிய முதல் தமிழ் அலைவரிசை அதுதான். வயல்வெளியில் சமைத்துக் காட்டிய 'டாடி' ஆறுமுகம் பின்னர் தன் பெயரிலேயே பிரியாணிக் கடை திறந்தார். இவர்கள் நகரத்துக்குப் போய்ப் பெயர் எடுத்தவர்கள் அல்லர். எங்களைப் போல வயலும் வெளியுமான ஊர்களில் இருந்தபடியே எடுத்தவர்கள். அதனால்தான் இது நமக்கும் எட்டும் என்று துணிந்து சொல்கிறோம்.

இனி, எதை விற்பது? காணொளிக்காரர் என்றதும் எல்லோருக்கும் ரீசேட்டும் கோப்பையும்தான் நினைவுக்கு வரும். எங்கள் அனுபவம் வேறு. பிட்டு அவித்த காணொளி ஒன்றின் கீழே பலர் பிட்டைப் பற்றிக் கேட்கவில்லை. "அந்த நீத்துப்பெட்டி எங்கே வாங்கலாம், அக்கா?" என்றுதான் கேட்டார்கள். ரொறன்ரோவில் இருப்பவருக்கு மா கிடைக்கிறது, தேங்காய்ப்பூக் கிடைக்கிறது, நீத்துப்பெட்டி கிடைப்பதில்லை. எங்கள் ஊரிலோ ஓலை இழைக்கத் தெரிந்த அம்மாமார் வேலை இல்லாமல் இருந்தார்கள். ஆகவே பொருளை நீங்கள் யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டாம். ஆறு மாதக் கருத்துகளை ஒரு கொப்பியில் எழுதிப் பாருங்கள். எந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வருகிறதோ, அதுதான் உங்கள் முதல் பொருள்.

சொல்லும் ஒரு பொருளாகலாம். எங்கள் காணொளிகளின் முடிவில் "சாப்பிட்டிட்டுப் போங்கோ" என்று சொல்வது வழக்கம். அதைத் துணிப்பையில் அச்சடித்தோம். அந்த 'போங்கோ'வில் ஊர் இருக்கிறது என்று ஒரு தங்கை எழுதியிருந்தா. ஆனால் சினிமா வசனத்தையும் பாட்டு வரியையும் நடிகரின் முகத்தையும் அச்சடித்து விற்காதீர்கள். அவை பிறருடைய சொத்து. இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, ஒரு படைப்பின் பதிப்புரிமை அதை ஆக்கியவரின் வாழ்நாளுக்கும் அதன் பின் 70 ஆண்டுகளுக்கும் நிற்கும்.

விற்கும் வழிகள் இரண்டு. முதலாவது, கேட்டபின் அச்சிடும் முறை. 'பிரின்ற்ஃபுல்' போன்ற நிறுவனங்கள் வெளிநாடுகளில் அச்சகங்கள் வைத்திருக்கின்றன. நீங்கள் வடிவத்தை மட்டும் ஏற்றினால் போதும். ஒருவர் ஓடர் கொடுத்ததும் அவருக்குக் கிட்ட உள்ள அச்சகத்தில் ஒரேயொரு ரீசேட்டை அச்சடித்து அவர்களே அனுப்புவார்கள். உதாரணத்துக்கு, அடக்க விலை 15 டொலர், நீங்கள் வைத்த விலை 22 டொலர் என்றால் மிச்சம் 7 டொலர் உங்களுக்கு. கையில் சரக்குத் தேங்காது, முதலும் வேண்டாம். ஆனால் இலாபம் சிறிது, துணியின் தரம் உங்கள் கண்ணுக்குத் தெரியாது. விற்கத் தொடங்கும் முன் ஒன்றை நீங்களோ வெளிநாட்டிலுள்ள உறவினரோ காசு கொடுத்து வாங்கி, இரண்டு தரம் தோய்த்துப் பார்த்துவிடுவது நல்லது.

இரண்டாவது, நாமே செய்து அனுப்பும் முறை. நீத்துப்பெட்டி, சுளகு, துணிப்பை, பனங்கட்டி, ஒடியல்மா எல்லாம் இதில் அடங்கும். இலாபமும் வேலையும் ஊருக்குள் நிற்கும் முறை இது. அதே நேரம் முதல் போட வேண்டிய முறையும் இதுதான். இங்கேதான் நாங்கள் அழுத்திச் சொல்ல விரும்புகிறோம்: சரக்குச் செய்யக் கடன் எடுக்க வேண்டாம். வன்னியில் பெண்கள் நுண்கடனால் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்களைத் தள்ளுபடி செய்வதாக 2018இல் அரசே அறிவிக்க வேண்டி வந்தது. கிழமைக் கிழமை வாசலில் வந்து நின்ற கடன்காரருக்குப் பயந்து ஒளித்திருந்த வீடுகள் எங்கள் ஒழுங்கையிலும் உண்டு.

கடன் இல்லாமல் செய்ய ஒரு வழி இருக்கிறது. முதலில் மாதிரி ஒன்று செய்யுங்கள். அதைக் காணொளியில் காட்டி, அளவையும் விலையையும் அனுப்பும் திகதியையும் சொல்லுங்கள். பத்து நாட்களுக்கு மட்டும் ஓடர் எடுங்கள், முற்பணமும் வாங்குங்கள். பிறகு வந்த எண்ணிக்கைக்கு மட்டும் செய்யுங்கள். இருபத்தைந்து வந்தால் இருபத்தைந்து, எட்டு வந்தால் எட்டு. எட்டு என்பது தோல்வி அல்ல. எட்டுப் பேருக்குத் திறமாகச் செய்து அனுப்பினால், அவர்கள் பெட்டியைப் பிரிக்கும் படமே அடுத்த விளம்பரம்.

விலை போடும்போது ஓலைக்கும் நூலுக்கும் மட்டும் கணக்குப் பார்க்காதீர்கள். இழைத்தவரின் கூலி, படம் எடுத்தவரின் நேரம், பெட்டி, ஒட்டுநாடா, பஸ் காசு, கூரியர், திரும்பி வரும் பொதிகள் எல்லாம் அதற்குள் வரவேண்டும். பொருள் கிடைத்தபின் காசு என்று அனுப்பினால் சிலர் பொதியை எடுக்காமல் திருப்பிவிடுவார்கள். போகவர இரண்டு செலவும் நம் தலையில்தான் விழும். அம்மாமார் தங்கள் வேலைக்குக் கூலி கேட்கக் கூச்சப்படுவார்கள். "சும்மா இருக்கிற நேரத்தில செய்ததுதானே, பிள்ளை" என்பார்கள். சும்மா இருந்த நேரம் என்று ஒன்று அவர்களுக்கு என்றைக்கும் இருந்ததில்லை. கூலியை முதலில் எழுதி வைத்துவிட்டு மற்றதைக் கூட்டுங்கள்.

உணவுப் பொருள் என்றால் இன்னும் கவனம் தேவை. 1980ஆம் ஆண்டின் உணவுச் சட்டம் வீட்டில் செய்வதற்கும் பொருந்தும். பொருளின் பெயர், சேர்ந்தவை, நிறை, செய்த திகதி, முடிவுத் திகதி, செய்தவரின் பெயர், முகவரி ஆகியவை பொதியில் இருக்க வேண்டும். உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முன்கூட்டியே போய்க் கேளுங்கள். மீன், இறைச்சி, பால் கலந்தவற்றைப் பல நாடுகள் தபாலில் உள்ளே விடுவதில்லை. அவுஸ்திரேலியா ஓலை, மரம், விதை எதையும் கடுமையாகச் சோதிக்கும். ஆகவே ஓடர் எடுக்கும் முன் போகும் நாட்டின் விதியைப் பாருங்கள்.

பணம் பெறுவதில் நம் நாட்டாருக்கு ஒரு தடை நெடுங்காலமாக இருந்து வருகிறது. பேபால் மூலம் பணம் கொடுக்கலாம், இலங்கையிலிருந்து பெற முடிவதில்லை. வங்கிக் கணக்கும், பயோனியர் போன்ற சேவைகளுமே நமக்கு வழி. வெளிநாட்டில் இருக்கும் அண்ணாவின் கணக்குக்குக் காசு வரட்டும் என்று விடுவதானால், ஒவ்வொரு வரவையும் இருவரும் பார்க்கக்கூடிய ஒரு பட்டியலில் எழுதி வையுங்கள். காசு பிரித்த உறவுகள் பலவற்றை, முன்பே எழுதிய ஒரு தாள் காப்பாற்றியிருக்கும்.

எல்லாவற்றையும் விடப் பெரிய சொத்து உங்கள் பெயர். சீனாவின் சிச்சுவான் மாகாணத்து மலைக்கிராமம் ஒன்றில் பாட்டியோடு வாழ்ந்து, நெல் விதைப்பதையும் சமைப்பதையும் காணொளியாக்கியவர் லி சிச்சி. 2021இல் 1 கோடி 41 இலட்சம் சந்தாதாரரோடு கின்னஸ் பதிவில் இடம்பிடித்தார். 2018இல் அவர் பெயரில் உணவுப் பொருட்கள் விற்பனைக்கு வந்தன. நத்தை நூடில்ஸ் அமோகமாக விற்றது. ஆனால் அவர் பெயர் தாங்கிய கம்பனியில் பெரும்பங்கு அவரிடம் இல்லை, முகாமை செய்த நிறுவனத்திடம் இருந்தது. 2021 ஜூலைக்குப் பின் அவர் காணொளி போடவில்லை. வழக்கு நடந்தது. 2022 டிசம்பரில் இணக்கம் கண்டு, 2024 நவம்பரில்தான் மீண்டும் வந்தார். உலகமே அறிந்த ஒரு பெண் தன் பெயரைத் தன்னிடம் திருப்பி எடுக்க மூன்று ஆண்டுகள் மௌனமாக இருக்க வேண்டி வந்தது.

அமெரிக்காவின் மிஸ்ரர் பீஸ்ற் 2020இல் தன் பெயரை ஒரு பேகர் வியாபாரத்துக்குக் கொடுத்தார். யார் யாரோ நடத்திய சமையலறைகளில் அது தயாரானது. தரம் கெட்டுத் தன் பெயர் கெடுகிறது என்று 2023இல் அவரே வழக்குப் போட்டார். அங்கே பெரிய வக்கீல்மார் இருக்கிறார்கள். நம்மிடம் இல்லை. ஆகவே எவர் வந்து "நாங்கள் எல்லாம் பார்க்கிறோம், நீங்கள் வீடியோவுக்கு மட்டும் நில்லுங்கோ" என்றாலும், பெயர் யாருடையது, கடவுச்சொல் யாரிடம், எத்தனை வருடம், பிரிவதானால் எப்படி என்ற நான்கையும் எழுத்தில் வாங்குங்கள். வியாபாரப் பெயரைப் பதிவு செய்யப் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். இலச்சினையைக் கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் பதியலாம். பதிவு 10 ஆண்டுகளுக்கு நிற்கும், பின்பு புதுப்பிக்கலாம்.

இன்னொன்றையும் மனம் திறந்து சொல்ல வேண்டும். 2009இல் நாங்கள் வெறுங்கையோடு நின்றவர்கள். மீளக் குடியேறியபோது கூரை இருக்கவில்லை, கிணறு பாவிக்கக்கூடியதாக இருக்கவில்லை. அந்தக் கதையைச் சொன்னால் காணொளிக்குப் பார்வை கூடும் என்று எங்களிடம் சொன்னவர்கள் உண்டு. வறுமைப்பட்ட வீட்டுக்குள் கமராவோடு போய், அழுகிற முகத்தைக் காட்டிக் காசு சேர்ப்பதையும் பார்க்கிறோம். நாங்கள் அதைச் செய்வதில்லை. பாவம் பார்த்து வாங்குகிறவர் ஒருதரம்தான் வாங்குவார். பிட்டு நன்றாக அவிகிறது என்று வாங்குகிறவர் தன் மகளுக்கும் ஒன்று வாங்குவார். அதோடு, நீத்துப்பெட்டி இழைக்கிற அம்மா பிச்சை கேட்கவில்லை, தொழில் செய்கிறா. அவவின் முகத்தைக் காட்டுவதானால் அவவிடம் கேட்டு, கை வேலை தெரியும்படி காட்டுங்கள்.

உதவும் நோக்கோடு விற்பதும் தவறல்ல. அமெரிக்காவின் கிரீன் சகோதரர்கள் 2007இல் காணொளி தொடங்கினார்கள், அவர்களில் ஒருவர் அடுத்த ஆண்டே பொருள் விற்கும் நிறுவனமும் அமைத்தார். பின்னர் சகோதரர்கள் மாதாமாதம் காலுறை அனுப்பும் திட்டம் ஒன்றின் இலாபத்தைச் சியரா லியோனில் தாய்மார் மருத்துவமனைப் பணிக்குக் கொடுத்தார்கள். எங்கே போகிறது என்று சொன்னார்கள், அங்கேதான் போனது. நம் சங்கமும் நூற்றாண்டை ஒட்டி ஒரு பையோ கோப்பையோ செய்தால், எத்தனை விற்றது, எவ்வளவு மிஞ்சியது, எந்தப் பிள்ளையின் படிப்புக்குப் போனது என்று அடுத்த பொதுக்கூட்டத்தில் வாசித்துக் காட்டலாம்.

வெளிநாட்டிலுள்ள அக்காமாரிடமும் தங்கைமாரிடமும் மூன்று வேண்டுகோள். வாங்குவதானால் ஒரே ஊரில் இருப்பவர்கள் சேர்ந்து ஒரே பொதியாக எடுங்கள், தபால் செலவு குறையும். பொருள் சரியில்லை என்றால் மனம் நோகும் என்று மறைக்காமல் எங்களுக்கு எழுதுங்கள். உங்களில் சட்டம், கணக்கியல், வடிவமைப்புப் படித்தவர்கள் மாதத்தில் ஒரு மணித்தியாலம் தாருங்கள். ஓர் ஒப்பந்தத்தை வாசித்து விளங்கப்படுத்துவது, நூறு பை வாங்குவதை விடப் பெரிய உதவி.

காணொளி எடுக்கத் தயங்கி நிற்கும் தங்கைமாருக்கு ஒரு சொல். நல்ல கமரா வரட்டும் என்று பார்த்திருக்காதீர்கள். இன்றைக்கே வீட்டில் அம்மா செய்கிற வேலை ஒன்றை எடுங்கள். யார் என்ன கேட்கிறார்கள் என்று கவனியுங்கள். எங்களிடம் வந்தால், தெரிந்ததைச் சொல்லித்தருவோம், தெரியாததைச் சேர்ந்து தேடுவோம்.