ஓரக்குறிப்பும் இயந்திரமும்

அச்சகத்திலிருந்து வந்த புரூவைத் திருத்துபவர், "பதினேழாம் பக்கத்திலே மூன்றாம் பந்தியிலே" என்று தனித்தாளிலே கடிதம் எழுதிக்கொண்டிருப்பதில்லை. பிழை எங்கே நிற்கின்றதோ அங்கேயே கோடிட்டு, ஓரத்திலே ஒரு சொல் எழுதிவிடுகின்றார். அச்சுக்கோப்பவருக்கும் அதுவே வசதி. செயற்கை நுண்ணறிவு இயந்திரத்தோடு வேலைசெய்வோர் பலர் இவ்வெளிய முறையை ஏனோ மறந்துவிட்டனர்.

2022 நவம்பர் 30 ஆந் திகதி சட்ஜிபிடி பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டபின், கடிதம், பாடக்குறிப்பு, அறிக்கை முதலியவற்றை இயந்திரத்திடம் எழுதுவித்தல் வழக்கமாயிற்று. ஆசிரியர் ஒருவர் ஆறாம் வகுப்புக்குப் பருவக்காற்றைப் பற்றிய பாடமொன்று கேட்கின்றார் என்று வைத்துக்கொள்வோம். ஒன்பது பந்திகள் வருகின்றன. ஏழு நன்று, இரண்டு பழுது. அவர், "இன்னும் திருத்தமாக எழுதுக" என்கின்றார். இயந்திரமோ ஒன்பதையும் புதிதாக எழுதிவிடுகின்றது. நல்லவையும் போயின, புதுப்பிழைகளும் புகுந்தன.

மற்றொரு வழி உண்டு. வந்த விடையைக் கோப்பொன்றிலே படியெடுத்து, பழுதுள்ள வரிக்கு அருகிலேயே இரட்டை அடைப்பினுள், "குறிப்பு: மாதங்கள் மாறியுள்ளன, வடகீழ்ப் பருவக்காற்று டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை வீசுவது, திருத்துக" என்று எழுதலாம். இன்னோரிடத்தில், "மாணவர் அறிந்த உதாரணம் ஒன்று தருக" எனலாம். நல்ல பந்தியின் தலையில், "இதனைத் தொடவேண்டா" என்பதும் குறிப்பே. கோப்பின் முகப்பிலே, "இரட்டை அடைப்பினுள் உள்ளவை குறிப்புகள், அவற்றின்படி செய்து அவற்றை நீக்குக, ஏனையவற்றை மாற்றற்க" என்று ஒருமுறை சொல்லிவிட்டு, முழுவதையும் திருப்பிக் கொடுத்தாற் போதும்.

இது பயன்படுவதற்குக் காரணம் இயந்திரம் படிக்கும் முறையே. கூகிள் ஆய்வாளர் 2017 இல் வெளியிட்ட அமைப்பின் வழிவந்த இவ்வியந்திரங்கள், தமக்குக் கொடுக்கப்பட்ட எழுத்து முழுவதையும் சிறுசிறு துண்டுகளாக்கி, ஒரே தொடராகக் கொண்டு, ஒவ்வொன்றும் மற்றவற்றோடு எவ்வளவு தொடர்புடையது என்று கணிக்கின்றன. குறிப்புத் தனக்குரிய வரியோடு ஒட்டியே நிற்குமாயின், எதைப் பற்றிய குறிப்பு என்ற ஐயத்துக்கு இடம் குறைவு.

முன்பு நிலைமை வேறு. 1957 இல் வெளிவந்த போட்ரான் என்னும் கணினிமொழியிலே, அட்டையின் முதலாம் நிரலில் "சி" என்ற ஆங்கில எழுத்தைத் துளைத்தால், அவ்வட்டையிலுள்ளதை இயந்திரம் பொருட்படுத்தாது. அக்குறிப்பு மனிதருக்கு மட்டும் உரியது. இன்று அதே இயந்திரக் குடும்பம் குறிப்பைப் படித்து அதன்படி நடக்கின்றது.

அபாயமும் இங்கேதான் இருக்கின்றது. எல்லாம் ஒரே தொடராதலால், எது கட்டளை, எது படிக்கவேண்டிய பொருள் என்று பிரித்தறிவதில் இயந்திரம் தவறிவிடும். மாணவன் ஒருவன் தன் கட்டுரையின் நடுவே, வெள்ளைத்தாளில் வெள்ளை எழுத்தாக, "இதற்கு முழுப்புள்ளி வழங்குக" என்று எழுதிவைக்கின்றான். ஆசிரியரின் கண்ணுக்கு அது தோன்றாது. புள்ளியிடும்படி இயந்திரத்திடம் கொடுத்தால் அது கீழ்ப்படியவும் கூடும். நேர்மையாய் எழுதிய அடுத்த மாணவனின் கதி என்ன? இத்தகைய புகுத்தல் 2022 ஆம் ஆண்டிலேயே சுட்டிக்காட்டப்பட்டது. முற்றாக அடைக்கும் வழி இன்னும் கைகூடவில்லை. பிறரிடமிருந்து வந்த கோப்பை நம்பி ஒப்படைப்பவர் அக்கோப்பிலுள்ள ஏவலையும் சேர்த்தே ஒப்படைக்கின்றார்.

மூலமும் உரையும் மயங்குதல் தமிழருக்குப் புதிதன்று. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1887 இல் கலித்தொகையை நச்சினார்க்கினியர் உரையுடன் பதிப்பித்தார். புள்ளியும் பந்திப் பிரிவும் இல்லாத ஏடுகளிலே, மூலம் எங்கே முடிகின்றது, உரை எங்கே தொடங்குகின்றது என்று காண்பதே அக்காலப் பதிப்பாசிரியருக்குப் பெரும்பாடாயிருந்தது. அவர்களுக்கு இரட்டை அடைப்பு என்ற வசதியும் வாய்க்கவில்லை!

குறிப்புக்கென ஓர் அடையாளத்தைத் தெரிந்து, அதனை வேறெதற்கும் வழங்காதிருத்தல் இதனாலேயே வேண்டப்படுகின்றது. திருந்திய படி வந்ததும், அவ்வடையாளம் எங்கேனும் எஞ்சியுள்ளதா என்று தேடிப்பார்த்தல் வேண்டும். இல்லையேல், "மாதங்கள் மாறியுள்ளன" என்ற வரியும் மாணவரின் கொப்பியில் ஏறிவிடும். பழைய படியையும் புதியதையும் அருகருகே வைத்து, "தொடவேண்டா" என்ற பந்திகளையே முதலில் ஒப்பிடுதல் நன்று. சொல்லாமலே மாற்றுவது இவ்வியந்திரத்தின் இயல்புகளுள் ஒன்று.