ஓசூர்த் தள்ளுவண்டியில் சீனச் சாப்பாடு

இன்றைக்கு நாம் போகிற ஊர் ஓசூர். பொழுது சாயும் நேரத்தில் பாகலூர் சாலையிலோ ராயக்கோட்டை சாலையிலோ நடந்தால், கம்பெனி பஸ்களின் ஹாரனையும் மீறி ஒரு சத்தம் காதில் விழும். கேஸ் அடுப்பு முழு வேகத்தில் இரைகிற சத்தம். அதற்கு மேலே, இரும்புக் கரண்டி கடாயின் விளிம்பில் டங், டங் என்று இடிக்கிற சத்தம். அங்கே ஒரு தள்ளுவண்டி நிற்கும். அதன் நெற்றியில் 'சைனீஸ் ஃபாஸ்ட் ஃபுட்' என்று சிவப்பில் எழுதியிருக்கும். கோபி மஞ்சூரியன், எக் ரைஸ், சிக்கன் நூடுல்ஸ். இந்த ஊரின் சீனச் சாப்பாடு இதுதான்.

பினாங்கு போய் வந்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கலாம். அங்கே ஜார்ஜ் டவுன் கடற்கரைத் தெருக்களில் சீனரே கடை போட்டிருக்கிறார். பக்கத்திலேயே நம் தமிழ் முஸ்லிம் ஒருவர், சீனர்களின் மஞ்சள் நூடுல்ஸில் மிளகாய் விழுதும் உருளைக்கிழங்கும் சேர்த்து மீ கோரெங் கிளறுகிறார். கப்பலேறி வந்த இரண்டு கூட்டம் ஒரே தெருவில் குடியேறியதால் வந்த ருசி அது. ஓசூரில் கடலும் கிடையாது, சீனத் தெருவும் கிடையாது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில், கர்நாடக எல்லையை ஒட்டி இருக்கிற மேட்டு நிலம். இங்கே சீனச் சாப்பாடு எந்த வழியாக வந்தது?

கல்கத்தா வழியாக. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்தே அந்த நகரத்தில் சீனர்கள் குடியேறி வந்தார்கள். தோல் பதனிட்டார்கள், செருப்புத் தைத்தார்கள், தச்சு வேலை செய்தார்கள். 1962 இந்திய-சீனப் போரின்போது இந்த மண்ணில் பிறந்தவர்களையே பகைவர்களாகப் பார்த்து, ராஜஸ்தானின் தேவ்லி முகாமில் ஆயிரக்கணக்கானோரை அடைத்தது அரசு. அதன் பிறகு பலர் நாட்டை விட்டே போனார்கள். அந்தச் சமூகம் சுருங்கச் சுருங்க, அதன் சமையல் மட்டும் ஊர் ஊராகப் பரவியது. கல்கத்தாவில் பிறந்த நெல்சன் வாங் என்பவர் பம்பாயில் கிரிக்கெட் கிளப் சமையற்கட்டில் இருந்தார். 1975-இல் வாடிக்கையாளர் ஒருவர் புதிதாக ஏதாவது கேட்க, இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாயை வதக்கி, கரம் மசாலா போடாமல் சோயா சாஸை ஊற்றி, சோள மாவால் கெட்டியாக்கிக் கோழித் துண்டுகளைப் புரட்டினார். அதுதான் சிக்கன் மஞ்சூரியன் என்பது அவரே சொன்ன கதை. மஞ்சூரியாவில் போய்த் தேடினால் கிடைக்காது. கோழி இருந்த இடத்துக்குக் காலிஃப்ளவர், அதாவது கோபி, வந்ததும் சைவர்களும் சேர்ந்துகொண்டார்கள். பெங்களூரில் அது தெருவுக்கு இறங்கியது. பெங்களூரிலிருந்து ஓசூர் நாற்பது கிலோமீட்டர்தான்.

ஆனால் ஓசூரில் இது வேர்விட்டதற்கு இன்னொரு காரணம் உண்டு, அது மண்ணில் இருக்கிறது. தளி, கெலமங்கலம், தேன்கனிக்கோட்டைப் பக்கம் போனால் முட்டைக்கோஸும் காலிஃப்ளவரும் வயல் வயலாக நிற்கும். பசுமைக்குடில்களில் குடைமிளகாய் தொங்கும். பீன்ஸும் கேரட்டும் இங்கேயே விளைகின்றன. குளிர்ந்த தட்பவெப்பம் தந்த வரம். காலிஃப்ளவரே நம் நாட்டுக்கு 1822-இல் இங்கிலாந்திலிருந்து சஹரான்பூர் தோட்டத்துக்கு வந்த விருந்தாளிதான். மிளகாயும் குடைமிளகாயும் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. அந்த வண்டியில் நிஜமாகவே சீனாவைப் பூர்வீகமாகக் கொண்டவை சோயா, நூடுல்ஸ், அந்தக் கடாயின் வடிவம் போன்ற சிலதான். அஜினோமோட்டோகூட 1908-இல் ஜப்பானில் இகேடா என்ற வேதியியலாளர் கண்டுபிடித்தது. மிச்சமெல்லாம் ராயக்கோட்டை சாலையில் டெம்போ ஏறி வந்தவை.

செய்முறையைக் கொஞ்சம் பக்கத்தில் நின்று பாருங்கள். காலிஃப்ளவரைப் பிய்த்து, மஞ்சளும் உப்பும் போட்ட வெந்நீரில் முக்கி எடுத்து வைத்திருப்பார்கள். உள்ளே பதுங்கிய புழுக்கள் வெளியேறும். மைதாவும் சோள மாவும் கலந்த கரைசலில் தோய்த்து முதல் பொரிப்பு மத்தியானமே முடிந்திருக்கும். நீங்கள் கேட்டதும் மறுபடி எண்ணெயில் ஒரு போடு. பிறகு கடாயில் பூண்டு, பச்சை மிளகாய், வெங்காயம், சாஸ் இரண்டு வகை, ஒரு சொட்டு வினிகர். தீ கடாயின் மேலேயே ஏறி எரியும். 'டிரையா, கிரேவியா?' என்று கேட்பார்கள். டிரை வாங்குங்கள் என்பது என் கட்சி. கிரேவியில் மொறுமொறுப்பு இரண்டே நிமிஷத்தில் செத்துப்போகும்.

வண்டியைச் சுற்றி நிற்பவர்களின் பேச்சையும் கேளுங்கள். 'அண்ணா, ஒரு ஹாஃப் கோபி, காரம் கம்மியா' என்கிறது ஒரு குரல். 'ஒந்து ப்ளேட் கோபி கொடி' என்கிறது இன்னொன்று. 'ஒக ப்ளேட் இவ்வண்டி' என்கிறது மூன்றாவது. கடைக்காரர் மூன்றுக்கும் அந்தந்த மொழியிலேயே பதில் சொல்வார். அடுத்து வருகிறவர் இந்தியில் கேட்டாலும் அசரமாட்டார். 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. 1980-இல் டி.வி.எஸ். மொபெட் இங்கிருந்துதான் புறப்பட்டது. 1987-இலிருந்து டைட்டன் கடிகாரம். அண்மைக் காலத்தில் டாடா எலக்ட்ரானிக்ஸ். ஒவ்வொரு ஆலையும் ஒரு புதுக் கூட்டத்தை இழுத்து வந்தது. ஷிஃப்ட் முடிந்து விடுதி அறைக்குப் போகிறவருக்கு அடுப்பு மூட்ட நேரமில்லை. சூடாக, காரமாக, வயிறு நிறைய, கையில் இருக்கிற காசுக்குள் ஒரு தட்டு வேண்டும். அந்தத் தேவைதான் இந்த வண்டிகளை நிறுத்தி வைத்திருக்கிறது. வடகிழக்கிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் வந்தவர்கள் பக்கத்திலேயே மோமோ அடுக்குகளை ஆவியில் ஏற்றிவிட்டார்கள்.

கிருஷ்ணகிரிக்குப் போகிற வழியில் குருபரப்பள்ளியில் தைவானின் டெல்டா எலக்ட்ரானிக்ஸ் ஆலை இருக்கிறது. அங்கே வேலையாக வருகிற தைவான் பொறியாளர் யாராவது ஓசூர்க் கோபியைத் தின்றுவிட்டு, 'நன்றாக இருக்கிறது, எந்த ஊர்ச் சாப்பாடு?' என்று கேட்டால், அது நியாயமான கேள்வி.

ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். 2024 மார்ச் மாதம் கர்நாடக அரசு கோபி மஞ்சூரியனில் செயற்கை நிறம் சேர்க்கத் தடை விதித்தது. பரிசோதித்த 171 மாதிரிகளில் 107-இல் சேர்க்கக் கூடாத நிறமிகள் இருந்தன. அதற்கு முந்தைய மாதம்தான் தமிழ்நாடு, ரோடமின்-பி என்ற செயற்கைச் சாயம் கலந்த பஞ்சுமிட்டாயைத் தடை செய்திருந்தது. எல்லையிலுள்ள அத்திப்பள்ளியில் மாநிலம் மாறுகிறது, வயிறு மாறுவதில்லை. குங்குமம் கொட்டினாற்போல் பளீரென்று சிவந்திருக்கிற கோபியை விட்டுவிடுங்கள். நல்ல வண்டியில் அது காஷ்மீர் மிளகாய்த் தூளின் மங்கலான செம்பழுப்பில்தான் இருக்கும். எண்ணெயையும் எட்டிப் பாருங்கள். கறுத்துக் கிடந்தால் அடுத்த வண்டிக்கு நடங்கள், தூரமில்லை.

இங்கிருந்து கிருஷ்ணகிரிக்குப் போகிறீர்களா? அங்கேயும் ஃப்ரைட் ரைஸ் கிடைக்கும், பரோட்டாக் கடைகளில் அதே கடாயில் கொட்டிக் கிளறித் தருவார்கள். அதற்காக அங்கே மெனக்கெட வேண்டாம். ஓசூரில் கோபியை முடித்துக்கொண்டு, கிருஷ்ணகிரியில் நேராக கே.ஆர்.பி. அணைக்குப் போய் மீன் வறுவல் கேளுங்கள். மாம்பழக் காலமென்றால் திரும்பும்போது ஒரு கூடையும் வாங்கிக்கொள்ளலாம்.