பூமியை அளந்த கதை

(ஒரு வாசகசாலைக் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இரணியாட்சன் என்னும் அசுரன் பூமியைப் பாயாகச் சுருட்டிக்கொண்டு போனான் என்ற கதையை நீங்கள் எல்லோரும் கேட்டிருப்பீர்கள். பாயாகச் சுருட்ட வேண்டுமானால் அது முதலில் பாயாக இருந்திருக்க வேண்டுமல்லவா? இதில் வேடிக்கை என்னவென்றால், சூரிய சித்தாந்தத்தைக் கொண்டு பஞ்சாங்கம் கணிக்கிறவரும் பூமியை உருண்டையாக வைத்துத்தான் கிரகணத்துக்குக் கணக்குப் போடுகிறார். காலக்ஷேபத்துக்கு ஒரு பூமி. கணக்குக்கு வேறொரு பூமி!

உருண்டை என்று ஒப்புக்கொண்ட பிறகும் அறிஞர்களுக்குள் சண்டை ஓயவில்லை. சுழலுகின்ற பூமி நடுவில் பிதுங்கித் துருவங்களில் தட்டையாயிருக்க வேண்டும் என்றார் நியூட்டன். பிரான்சு தேசத்துக் காசினி கட்சியார், தங்கள் நாட்டில் அளந்ததை வைத்துக்கொண்டு, இல்லை, எலுமிச்சம்பழம்போல் துருவப்பக்கம் நீண்டிருக்கிறது என்றார்கள். இதற்கு யார் பெரியவர் என்று பார்த்துத் தீர்ப்புச் சொல்லவில்லை. 1735-ல் ஒரு கூட்டத்தாரைத் தென் அமெரிக்காவில் பூமத்திய ரேகைக்கும், 1736-ல் இன்னொரு கூட்டத்தாரை வடகோடியிலுள்ள லாப்லாந்துக்கும் அனுப்பி, ஒரு பாகை தூரம் அங்கே எவ்வளவு, இங்கே எவ்வளவு என்று அளக்கச் சொன்னார்கள். தட்டையான பக்கத்தில் துருவ நட்சத்திரம் ஒரு பாகை உயர்ந்து தெரிய அதிக தூரம் நடக்க வேண்டும். வடக்கேதான் பாகை நீளமாயிருந்தது. பிரெஞ்சுக்காரர் செலவிலேயே காசினி கட்சி தோற்றது! இன்றைய கணக்கில் நடுவில் ஆரம் 6,378 கிலோமீட்டர், துருவத்தில் 6,357. வித்தியாசம் 21 கிலோமீட்டர்தான். அதற்காகக் கடல் கடந்து போனார்கள்.

நிற்க, நம் ஊருக்கு வருவோம். 1802 ஏப்ரல் 10-ந் தேதி சென்னைப் பரங்கிமலைக்கருகில் லாம்ப்டன் என்ற பட்டாள அதிகாரி 100 அடி உருக்குச் சங்கிலியை நீட்டினார். கம்பெனியார் இதற்குப் பணம் கொடுத்தது நம்மிடம் வைத்த அன்பினால் அல்ல. தீர்வைக்கும் படைக்கும் தேசத்தின் அளவு வேண்டியிருந்தது. ஏழரை மைல் கோடு ஒன்றை அளக்க 57 நாள் பிடித்தது. மாட்டு வண்டிக்கு அது அரைநாள் நடை! இவ்வளவு நாள் ஏன்? வெயிலில் உருக்கு நீளும். ஆகையால் சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, கூடவே உஷ்ணமானி வைத்து, சூட்டினால் எவ்வளவு நீண்டது என்பதையும் கணக்கில் சேர்த்தார்கள். முக்கோணத்தின் ஒரு பக்கமும் அதன் இருமுனைக் கோணங்களும் தெரிந்தால் மற்ற இரு பக்கங்களையும் சங்கிலி பிடிக்காமலே கண்டுவிடலாம். அந்தப் பக்கத்தின்மேல் இன்னொரு முக்கோணம், அதன்மேல் இன்னொன்று என்று, லாம்ப்டன் 1823-ல் இறந்த பின்பும் அவருக்குப் பின் வந்தவர்கள் இமயமலை அடிவாரம் வரை போனார்கள். முதற்கோடு பிசகினால் அத்தனையும் பிசகு.

கோணம் பார்க்கும் தியோடலைட் அரை டன் கனம். அதை மலைகளின்மேல் ஏற்றினார்கள். தஞ்சாவூர்ச் சீமையில் மலைக்கு எங்கே போவது? தென்னந்தோப்புக்கு மேலே தலைதூக்கி நிற்பது கோயில் கோபுரந்தான். 1808-ல் தஞ்சைப் பெரிய கோயில்மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி, அதன் வட்டம் நெளிந்து போயிற்று. நம்மவர்களாயிருந்தால் தெய்வக் குற்றம் என்று பரிகாரத்துக்கு ஆள் தேடியிருப்போம். லாம்ப்டன் ஆறு வாரம் உட்கார்ந்து, நெளிந்த வட்டத்தை மயிரிழை மயிரிழையாக நிமிர்த்தி, மறுபடியும் அளக்கப் புறப்பட்டார். அவர் பெயர் நிலைத்தது. கயிறு இழுத்தவர், சங்கிலி சுமந்தவர் பெயர்கள் நமக்கு வந்து சேரவில்லை.

இனி ஒரு இடத்துக்கு விலாசம் எப்படி எழுதுவது? வடக்கு தெற்கு அளப்பதற்குப் பூமத்திய ரேகை இயற்கையாக இருக்கிறது. கிழக்கு மேற்குக்கு அப்படி ஒன்றும் கிடையாது. நம் பழைய கணிதர்கள் உஜ்ஜயினியை வைத்துக்கொண்டார்கள். 1884-ல் வாஷிங்டனில் பல தேசத்தாரும் கூடிக் கிரீன்விச் என்று முடிவு செய்தார்கள். எந்த ஊரும் பூமிக்கு நடு அல்ல. எல்லாம் மனிதர் செய்துகொண்ட ஒப்பந்தமே.

உருண்டையைக் காகிதத்தில் விரிப்பதுதான் பெரிய சங்கடம். ஆரஞ்சுத் தோலை மேஜைமேல் வைத்து அழுத்திப் பாருங்கள். கிழியும், அல்லது இழுபடும். 1569-ல் மெர்க்கேட்டர் போட்ட உலகப் படம் மாலுமிக்குத் திசையைச் சரியாகக் காட்டும். ஆனால் பரப்பைக் கெடுத்துவிடும். அதில் கிரீன்லாந்து ஆப்பிரிக்காவுக்குச் சமமாகத் தெரிகிறது. உண்மையில் ஆப்பிரிக்கா 14 மடங்கு பெரிது! பள்ளிக்கூடச் சுவரில் அந்தப் படத்தைப் பார்த்து வளர்ந்த பிள்ளை எந்தத் தேசத்தைப் பெரிதென்று நினைக்கும்? திசை, பரப்பு, தூரம் எல்லாவற்றையும் ஒருங்கே சரியாகக் காட்டும் படம் யாராலும் போட முடியாது. எதைக் காப்பாற்றி எதை விட்டோம் என்று சொல்லுவதே படம் போடுகிறவனுடைய நாணயம்.

கடைசியாக, நிலம் வைத்திருக்கும் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. இந்திய சர்வே இலாகாவின் பழைய படங்கள் 1830-ல் எவரெஸ்ட் கணக்கிட்ட பூமி வடிவத்தின்மேல் போடப்பட்டவை. இன்று கையிலுள்ள டெலிபோன், துணைக்கோள்களைக் கொண்டு சொல்லும் எண்கள் வேறொரு வடிவத்தின்மேல் கணக்கிட்டவை. இந்த எண்ணை அப்படியே அந்தப் படத்தில் வைத்தால் இடம் நூறு மீட்டருக்கு மேலும் தள்ளிப் போகும். உங்கள் கிணறு அடுத்தவர் வயலில் இருப்பதாகத் தெரியும். இரண்டு எண்ணும் பொய்யல்ல, கல்லும் நகரவில்லை. எல்லைத் தகராறில் ஒருவர் எண்ணைக் காட்டி மிரட்டினால், அது எந்த ஆதாரத்தின்மேல் எடுத்த எண் என்று முதலில் கேளுங்கள்.